ரவுட்டருக்கு ரெண்டு பூட்டு

போன வாரம் கல்வராயன் மலையில, வெள்ளிமலையில இருக்கிற சித்தப்பா வீட்டுக்குப் போயிருந்தேன். "வைஃபை பாஸ்வேர்டை மாத்திட்டேன்டா, இனிமே எவன் உள்ள வருவான்?"னார். பிரவுசர்ல 192.168.1.1 அடிச்சேன். யூசர்நேம் அட்மின், பாஸ்வேர்டும் அட்மின். திறந்துக்கிச்சு!

வைஃபை பாஸ்வேர்டு வேற, ரவுட்டர் செட்டிங்ஸுக்கான பாஸ்வேர்டு வேற. 2017 ஜூலையில பி.எஸ்.என்.எல். மோடங்களை ஒரு மால்வேர் தாக்குச்சு. மாட்டினது, கம்பெனி வெச்ச பாஸ்வேர்டை மாத்தாம விட்ட மோடங்கள். உள்ளே வந்தவன் டிஎன்எஸ்ஸை மாத்தினா, பேங்க் பேரை நீங்க சரியா அடிச்சாலும் போலிப் பக்கத்துக்கு இழுத்துட்டுப் போகலாம். அப்போ பிரவுசர் எச்சரிக்கை காட்டினா, தயவுசெஞ்சு தாண்டிப் போகாதீங்க.

பாஸ்வேர்டை மாத்தி, ரிமோட் மேனேஜ்மென்ட்டை அணைச்சு, ஃபர்ம்வேர் அப்டேட்டும் போட்டேன். புது பாஸ்வேர்டை சித்தப்பா காலண்டர்ல எழுதிட்டார். பரவாயில்ல, அதைப் படிக்க எந்த ஹேக்கரும் மலையேறி வரப்போறதில்ல.