உஷார்! செடிக்கு ஊற்றும் ‘வைட்டமின்’ யார் நுரையீரலுக்குள் போகிறது தெரியுமா?

கையில் இருக்கும் பாட்டிலைக் கீழே வையுங்கள். இதைப் படித்துவிட்டு அப்புறம் திறங்கள்.

“வெறும் வைட்டமின்தாங்க. கொஞ்சம் ஹார்மோன். செடி சும்மா ஜம்முன்னு வரும்.” இந்த ஒரு பேச்சை நம்பித்தான் வீடுகளுக்குள் விஷம் நுழைகிறது.

நான் சொல்வது கஞ்சா செடியைப் பற்றி. கனடாவில் 2018 அக்டோபர் 17 முதல் கஞ்சா சட்டப்படி அனுமதிக்கப்பட்ட பொருள். ஒன்டாரியோ உள்ளிட்ட பல மாகாணங்களில் ஒரு வீட்டுக்கு நான்கு செடி வரை வளர்க்கலாம். அமெரிக்காவில் கலிபோர்னியா போன்ற மாநிலங்களிலும் வளர்க்கலாம். ஒன்டாரியோவின் ஸ்கார்பரோவிலும் பிராம்ப்டனிலும் நம் வீட்டுப் பிள்ளைகளும் வளர்க்கிறார்கள். கீமோதெரபி எடுப்பவரின் குமட்டலுக்காகவும், தீராத வலிக்காகவும் வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள்.

கஞ்சா நல்லதா கெட்டதா என்ற வழக்குக்கு நான் வரவில்லை. இந்தியாவில் இருப்பவர்களுக்கு ஒரே வரி: 1985-ம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டப்படி கஞ்சா செடி வளர்த்தால் 10 ஆண்டு வரை கடுங்காவல், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். விளையாட்டுக்குக்கூட வேண்டாம்.

சட்டம் அனுமதிக்கும் நாட்டில் இருப்பவர்களே, உங்களுக்குத்தான் இந்த எச்சரிக்கை. கடையில் விற்கும் கஞ்சாவைப் பூச்சிமருந்து எச்சம் இருக்கிறதா என்று சோதித்த பிறகே விற்கிறார்கள். உங்கள் வீட்டில் செடி வளர்க்கப் போட்ட கூடாரத்தில் இருப்பதை யார் சோதிக்கிறார்கள்?

யாருமே இல்லை!

நடந்தது இதுதான்

பெயர் வேண்டாம். திருச்சிப் பக்கத்திலிருந்து போய் பிராம்ப்டனில் குடியேறிய குடும்பம். மனைவிக்குப் புற்றுநோய் சிகிச்சை. சாப்பிட்டது எதுவும் தங்கவில்லை. மருத்துவரின் ஒப்புதலோடு வீட்டிலேயே நான்கு செடி வளர்த்தார் கணவர்.

செடிகள் ஒல்லியாக நெட்டுக்கு வளர்ந்தன. பூ பொதபொதவென்று இருந்தது. தெரிந்த ஒருவர் ஒரு சின்ன பாட்டிலைக் கொடுத்தார். “இதை ஊத்துங்க. கடல்பாசி, வைட்டமின், இயற்கை ஹார்மோன். அவ்வளவுதான்.” லேபிளிலும் அதேதான் எழுதியிருந்தது. எது எத்தனை சதவீதம் என்று ஒரு எழுத்துகூட இல்லை.

ஊற்றினார். சில நாளிலேயே செடி நெட்டுக்கு வளர்வதை நிறுத்தியது. இலை கரும்பச்சையானது. பூக்கள் கல் மாதிரி இறுகின. மனிதருக்கு ஒரே சந்தோஷம். அந்தப் பூவைத்தான் மனைவி புகைத்தார்.

அறுவடை முடிந்தது. தொட்டி மண்ணை வீணாக்குவானேன் என்று கொல்லைப்புறப் பாத்தியில் கொட்டிவிட்டார். அடுத்த கோடையில் அவருடைய அம்மா அதே பாத்தியில் மிளகாயும் கத்தரியும் நட்டார். நாற்றுகள் வளரவேயில்லை. வாரக்கணக்கில் தரையோடு ஒட்டிக் குறுகி நின்றன. இலை மட்டும் தடித்து, கறுத்து.

கிருஷ்ணகிரியில் விவசாயப் படிப்பு முடித்த அண்ணன் மகனுக்கு வீடியோ காலில் காட்டினார்கள். பார்த்த உடனே அவன் கேட்டான்: “சித்தப்பா, மாந்தோப்புக்கு ஊத்துற மருந்தை இதுக்கு ஊத்துனீங்களா?”

மீதமிருந்த பூவை ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். மாந்தோப்பு மருந்தான பேக்லோபியூட்ரசால் அதில் இருப்பது உறுதியானது.

அந்தப் பூவைப் புகைத்த மனைவிக்கு அதனால் என்ன கெடுதல் நேர்ந்தது? எந்த மருத்துவராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. கெடுதல் இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. ஏற்கெனவே நோயோடு போராடும் வீட்டில் இந்தச் சந்தேகம் எவ்வளவு பெரிய பாரம்!

பாட்டிலுக்குள் என்னதான் இருக்கிறது?

முதலில் வைட்டமின். செடிக்கு வைட்டமின் தேவையா? தன் வைட்டமினைச் செடியே தயாரித்துக்கொள்கிறது. நாம் கீரை சாப்பிடுவதே அதற்காகத்தானே!

பி1 ஊற்றினால் வேர் பிடிக்கும் என்ற நம்பிக்கை 1930-களில் பிறந்தது. அமெரிக்காவின் கால்டெக் ஆய்வகத்தில் ஜேம்ஸ் பானர் பட்டாணி வேரை வெட்டி எடுத்து, குடுவையில் தனியாக வளர்த்துப் பார்த்தார். தையமின் என்ற பி1 கொடுத்தபோது வேர் வளர்ந்தது. ஆனால் அது இலையிலிருந்து பிரித்தெடுத்த வேர். முழுச் செடியில் இலையே அதைத் தயாரித்து வேருக்கு அனுப்பிவிடும். பின்னால் முழுச் செடிகளில் சோதித்தபோது பலன் தெரியவில்லை. விற்பனை மட்டும் நிற்கவில்லை.

பி1 பாட்டிலால் வேர் பிடித்தால், அதில் வேறு எதையோ கலந்திருக்கிறார்கள் என்று சந்தேகப்படுங்கள். பெரும்பாலும் அது ஆக்சின் வகை வேர் ஹார்மோன்.

அடுத்தது ஹார்மோன். பெண் செடி வேண்டும் என்று கருத்தடை மாத்திரையைக் கரைத்து ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். வேண்டாம்! நம் உடம்பின் ஹார்மோன் வேறு, செடியின் ஹார்மோன் வேறு. ஆக்சின், ஜிப்ரெலின், சைட்டோகைனின், எத்திலீன் என்று செடிக்குத் தனிக் கூட்டமே இருக்கிறது. மாத்திரையால் செடிக்கு லாபமில்லை. தொட்டி மண்ணைக் கிளறும் குழந்தைக்குத்தான் ஆபத்து.

நிஜமான செடி ஹார்மோனும் விளையாட்டுப் பொருளாகாது. டெல்லிப் பல்கலைக்கழகத் தாவரவியலாளர்கள் மோகன் ராமும் ஜெய்ஸ்வாலும் 1972-லேயே காட்டினார்கள்: ஜிப்ரெலின் கொடுத்தால் பெண் கஞ்சா செடியில் ஆண் பூ வரும். “வளர்ச்சி டானிக்” என்று நம்பி ஊற்றினால், மகரந்தம் பறந்து மொத்தப் பயிரும் விதை பிடித்துப் போகும்.

இவற்றைவிடப் பெரிய பயம் மூன்றாவது வகை. வளர்ச்சியை அடக்கும் மருந்துகள். லேபிளில் பெயர் இருக்காது. வேலை மட்டும் நடக்கும். செடி குள்ளமாகும், பூ இறுகும், எடை கூடும்.

பேக்லோபியூட்ரசால் அந்த வகை. செடிக்குள் ஜிப்ரெலின் உருவாவதையே இது தடுத்துவிடுகிறது. நம் ஊர் மா விவசாயிகளுக்கு இது நன்றாகத் தெரியும். செப்டம்பர் வாக்கில், மரத்துக்கு இவ்வளவு என்று அளந்து, மண்ணில் ஊற்றுவார்கள். பழம் பறிக்க அதற்குப் பிறகு பல மாதம் ஆகும். சில வாரத்தில் அறுத்து, காயவைத்து, கொளுத்தி இழுக்கும் பூவுக்கு அந்தக் கணக்கெல்லாம் எங்கே பொருந்தும்? மண்ணிலும் இது சீக்கிரம் அழியாது. பிராம்ப்டன் பாத்தியில் மிளகாய் குறுகியது அதனால்தான்.

இன்னொன்று டாமினோசைடு. அமெரிக்காவில் ஆலார் என்ற பெயரில் ஆப்பிளுக்குத் தெளித்தார்கள். சூடு பட்டால் இது உடைந்து யு.டி.எம்.எச். என்ற பொருள் வெளிவரும். நம் பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் இரண்டாம் நிலை எரிபொருளில் இருப்பதும் அதே யு.டி.எம்.எச்.! புற்றுநோய் உண்டாக்கும் வாய்ப்புள்ள பொருள் என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பு (இ.பி.ஏ.) டாமினோசைடை வகைப்படுத்தியது. பெரும் எதிர்ப்பு கிளம்ப, 1989-ல் உணவுப் பயிர்களுக்கான விற்பனையைத் தயாரிப்பு நிறுவனமே நிறுத்திக்கொண்டது.

ஆப்பிளைக் காய்ச்சிச் சாறு எடுக்கும் சூட்டுக்கே அவ்வளவு பயந்தார்கள். புகைக்கும் நெருப்பின் சூட்டை நினைத்துப் பாருங்கள்!

இதெல்லாம் கற்பனையா? 2010-களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவின் உணவு, வேளாண் துறை சில திரவ உரங்களைச் சோதித்தது. லேபிளில் சொல்லாத டாமினோசைடும் பேக்லோபியூட்ரசாலும் உள்ளே இருந்தன. இன்று அந்த மாநிலத்தில் இரண்டுமே கஞ்சாவில் அடியோடு தடை. பரிசோதனையில் தென்பட்டால் அந்தச் சரக்கு கடைக்குப் போகாது.

“புகையில் எல்லாம் எரிஞ்சு போயிடும்” — எரியாது!

சாப்பாட்டில் போகும் நஞ்சு வயிறு, குடல், கல்லீரல் என்று பல வாசல் தாண்டியாக வேண்டும். புகையில் போவதற்கு அந்தக் காவல் கிடையாது. நுரையீரலிலிருந்து நேராக ரத்தம்.

2013-ல் வெளியான ஓர் ஆய்வில் கஞ்சாவில் இருந்த பூச்சிமருந்தும் பேக்லோபியூட்ரசாலும் புகையோடு எவ்வளவு வெளிவருகின்றன என்று அளந்தார்கள். சாதாரணக் கண்ணாடிக் குழாயில் புகைத்தபோது 69.5 சதவீதம் வரை புகையோடு வந்தது. தண்ணீர்க் குழாயில் வடிகட்டி இல்லாவிட்டால் அங்கேயும் பாதிக்குப் பாதி வந்தது.

செடிக்கு ஊற்றியது நெருப்பில் சாகவில்லை. உள்ளே போகிறது!

‘வைட்டமின்’ என்ற சொல்லுக்கு மயங்குகிறவர்களுக்கு இன்னொரு பாடம். 2019-ல் அமெரிக்காவில் வேப்பிங் (மின்சிகரெட்) செய்த இளைஞர்கள் மூச்சுத்திணறி மருத்துவமனைகளில் குவிந்தார்கள். 2020 பிப்ரவரி வரையிலான கணக்கு: பாதிக்கப்பட்டவர்கள் 2,807 பேர். இறந்தவர்கள் 68 பேர். கஞ்சா எண்ணெயைக் கெட்டியாக்கச் சேர்த்த வைட்டமின் ஈ அசிடேட்தான் முக்கியக் காரணம் என்று கண்டார்கள். சோதித்த 51 நோயாளிகளில் 48 பேரின் நுரையீரல் திரவத்தில் அது இருந்தது. அது தோட்டத்தில் ஊற்றியது இல்லை, எண்ணெயில் கலந்தது. ஆனால் தோலில் பூசும் கிரீமில் சாதுவாக இருக்கும் அதே வைட்டமின்தான் நுரையீரலில் உயிரை எடுத்தது.

எனவே விழுங்கலாம், பூசலாம் என்று யாராவது சொன்னால், “மூச்சில் இழுக்கலாமா?” என்று திருப்பிக் கேளுங்கள்.

இந்த அறிகுறிகள் தெரிந்தால் உஷார்!

1. லேபிளில் உள்ளடக்கம் இல்லை. “ரகசிய ஃபார்முலா” என்கிறார்கள். ரகசியம் என்றாலே வாங்காதீர்கள்.

2. “பூ கல் மாதிரி இறுகும், எடை கூடும், செடி குள்ளமாகும்” என்று வாக்குறுதி. எந்த வைட்டமினும் இதைச் செய்யாது. வளர்ச்சியை அடக்கும் மருந்து இருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

3. பதிவு எண் இல்லை. கனடாவில் செடி வளர்ச்சியை மாற்றும் மருந்துக்குப் பூச்சிக்கொல்லிச் சட்டப்படி பதிவு எண் வேண்டும். அமெரிக்காவில் இ.பி.ஏ. பதிவு எண் வேண்டும். பதிவு எண் இருந்தாலும், எந்தச் செடிக்கு அனுமதி என்பதையும் படியுங்கள்.

4. “அலங்காரச் செடிகளுக்கு மட்டும்” என்று பொடி எழுத்தில் இருக்கிறது. பூச்சாடிக்கு உள்ளது மூச்சுக்கு ஆகாது.

5. பெரிய கேனிலிருந்து சின்ன பாட்டிலில் ஊற்றி, வாட்ஸ்அப்பில் விற்கிறார்கள்.

6. ஊற்றிய சில நாளில் கணு இடைவெளி குறுகிவிட்டது. இலை தடித்துக் கரும்பச்சை. பூ பாறை போல் இறுகி, வாசம் குறைந்திருக்கிறது.

7. இலை முறுக்கிக்கொள்கிறது. தண்டு வெளிறி மெலிந்து நீள்கிறது. பெண் செடியில் ஆண் பூ எட்டிப் பார்க்கிறது. ஹார்மோன் அளவு மீறிவிட்டது.

8. பூவின்மேல் சர்க்கரை, வைட்டமின் கரைசல் தெளிக்கச் சொல்கிறார்கள். ஈரத்தில் பூஞ்சை வரும். எதிர்ப்புச் சக்தி குறைந்த கீமோ நோயாளிக்கு ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சை உயிருக்கே ஆபத்து.

9. அதே மண்ணில் அடுத்து நட்ட காய்கறி வளரவில்லை.

ஒரே ஒரு அறிகுறி போதும். நிறுத்துங்கள்!

ஏற்கெனவே ஊற்றிவிட்டீர்களா?

பதறாதீர்கள். ஆனால் தாமதிக்காதீர்கள்.

அந்தப் பூவைப் புகைக்க வேண்டாம். எண்ணெயாக வடிக்கவும் வேண்டாம். வடித்தால் நஞ்சும் சேர்ந்து செறிவாகிவிடும். “இவ்வளவு உழைச்சுட்டு எப்படி எறியறது?” என்று மனசு அடித்துக்கொள்ளும். எறியுங்கள். யாருக்கும் தானமாகக்கூடக் கொடுக்காதீர்கள்.

அந்த மண்ணைக் காய்கறிப் பாத்தியில் கொட்டாதீர்கள். கறிவேப்பிலைத் தொட்டிக்கும் வேண்டாம். மிச்ச மருந்தைக் கழிவுத் தொட்டியில் ஊற்றாதீர்கள். உங்கள் நகராட்சியின் அபாயக் கழிவு சேகரிப்பு மையத்தில், அதே பாட்டிலோடு ஒப்படையுங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

நோயாளிக்காக வளர்த்ததா? மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். பாட்டிலின் படத்தையும் காட்டுங்கள். வெட்கப்பட இதில் எதுவுமில்லை. இருமல், மூச்சுத்திணறல், நெஞ்சு வலி வந்தால் அன்றைக்கே மருத்துவமனை. முடிந்தால் மீதிப் பூவை அனுமதி பெற்ற ஆய்வகத்தில் சோதியுங்கள். நோயாளிக்கு இனிமேல் வேண்டுமென்றால், சோதித்து விற்கும் உரிமம் பெற்ற கடையிலேயே வாங்குங்கள்.

வெளிநாட்டில் பிள்ளையோடு தங்கியிருக்கும் அம்மாக்களே, அப்பாக்களே! கூடாரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பாட்டில்களை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். “உங்களுக்கு இதெல்லாம் புரியாதும்மா” என்பார்கள். சண்டை போட வேண்டாம். இரண்டே கேள்வி கேளுங்கள்: “இதுக்குள்ள என்னப்பா இருக்கு? இதைப் புகைக்கலாம்னு எங்கே எழுதியிருக்கு?” பதில் வரவில்லை என்றால் அந்தப் பாட்டில் வீட்டில் இருக்கக் கூடாது. பேரக்குழந்தை கைக்கு எட்டும் உயரத்தில் ஒரு நிமிஷம்கூட இருக்கக் கூடாது.

கண்ணில் பட்டுவிட்டால் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். குழந்தை குடித்துவிட்டால் நீங்களாக வைத்தியம் பார்க்காதீர்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். எதுவானாலும் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு உடனே நச்சு உதவி மையத்தை அழையுங்கள். கனடாவில் 1-844-764-7669. அமெரிக்காவில் 1-800-222-1222. இரண்டு எண்களையும் இப்போதே போனில் பதிந்துவிடுங்கள்.