காலந் தாழ்ந்து கணிதம் பயில்வோருக்குப் பாட வரிசை

இளமையிலேயே கணிதத்தில் தேர்ச்சி பெறாதோர் பிற்காலத்தில் அதனை முறையாகப் பயில இயலாது என்னும் எண்ணம் நம்மிடையே பரவலாக உள்ளது. இங்கிலாந்தில் நாட்டிங்காம் நகரத்து ஜார்ஜ் கிரீன் என்பாரின் வரலாறு இதற்கு மாறானது. 1793-இல் பிறந்த இவர் பள்ளியிற் பயின்றது ஏறத்தாழ ஓராண்டே. தந்தையின் மாவு ஆலையில் உழைத்துக்கொண்டே கணிதங் கற்று, 1828-இல் மின்சாரம், காந்தம் பற்றிய கணித ஆய்வு ஒன்றை வெளியிட்டார். நாற்பதாம் வயதிற் கேம்பிரிட்ஜ் பல்கலைக் கழகத்திற் சேர்ந்து, 1837-இல் கணிதத் தேர்வில் நான்காம் இடம் பெற்றார். அனைவரும் கிரீன் ஆதல் அரிது. ஆயினும் காலந் தாழ்ந்தமை மட்டுமே தடையன்று என்பது தெளிவு. பாடங்களின் வரிசை பிறழ்வதே பலருக்குத் தடையாகின்றது.

பாலக்காட்டின் கிழக்கெல்லையிலும், இடுக்கியின் தேயிலைத் தோட்டப் பகுதிகளிலும் தமிழ் வழியிற் பத்தாம் வகுப்பு முடிக்கும் மாணவர்கள், அதன் பின்னர்க் கணிதத்தை ஆங்கிலத்தில் எதிர்கொள்கின்றனர். இவர்களுட் சிலர் கல்லூரியிற் புகுந்த பின்னரே கணிதத்தில் உண்மையான நாட்டங் கொள்கின்றனர். கேரளப் பல்கலைக் கழகங்களில் 2024-இல் தொடங்கிய நான்காண்டு இளநிலைத் திட்டம் இத்தகையோருக்குப் பெரிதும் பயன்படத்தக்கது.

முதற் பருவத்தில் வகை நுண்கணிதத்துடன் பள்ளி இயற்கணிதத்தையும் முக்கோணவியலையும் மீளப் பயிலுதல் வேண்டும். நுண்கணிதத்தில் நேரும் பிழைகளுட் பல இயற்கணிதப் பிழைகளே. இரண்டாம் பருவத்தில் தொகை நுண்கணிதத்தோடு நிறுவல் முறையையும் கற்றல் நலம். “ஒவ்வோர் எண்ணுக்கும் அதனினும் பெரிய எண் ஒன்று உண்டு” என்பது மெய். “எல்லா எண்களினும் பெரிய எண் ஒன்று உண்டு” என்பது பொய். இவ்விரண்டின் வேறுபாட்டைத் தாய்மொழியில் உணர்ந்தவருக்கு, மெய்ப் பகுப்பாய்வின் முதற் படி எளிதாகும். மூன்றாம் பருவத்தில் நேரியல் இயற்கணிதமும், நான்காவதில் வகைக்கெழுச் சமன்பாடுகளும் மெய்ப் பகுப்பாய்வும், ஐந்தாவதிற் குலக் கோட்பாடும் அமையலாம். பகுப்பாய்வையும் குலக் கோட்பாட்டையும் ஒரே பருவத்தில் தொடங்குதல் புதியவருக்குப் பெருஞ் சுமையாகும்.

மேற்படிப்பை நாடுவோர் நாட்காட்டியையும் நோக்குதல் வேண்டும். பாலக்காட்டில் 2015-இல் நிறுவப்பெற்ற இந்தியத் தொழில்நுட்பக் கழகம் முதலியவற்றில் முதுநிலைக் கணிதம் பயில, ‘ஜாம்’ என்னும் நுழைவுத் தேர்வு பிப்ரவரி மாதத்தில் நடைபெறுகின்றது. மூன்றாண்டில் வெளியேறுபவர் ஆறாம் பருவத்தின் இடையிலேயே அதனை எழுத வேண்டியவராவர். குலக் கோட்பாட்டை அப்பருவத்திற்குத் தள்ளிவைத்தவர், கல்லாத பாடத்திலேயே தேர்வெழுத நேரிடும். நான்காம் ஆண்டையும் பயில்பவருக்கோ மேலும் ஓராண்டு கிட்டுகின்றது. தொடக்கத்தில் இழந்த காலத்தை ஈடுசெய்ய அதுவே வழியாகும்.

எனவே ஆசிரியர்கள், மாணவன் கல்லூரியிற் சேர்ந்த முதல் மாதத்திலேயே அவனுடன் அமர்ந்து, எப்பாடத்திற்கு எப்பாடம் அடிப்படை என்பதை ஒரே தாளில் வரைந்து கொடுப்பார்களாக. தோட்டப் பகுதிகளிற் பணியாற்றும் அலுவலர்கள், படிப்பை இடையில் நிறுத்தியோரைக் காணுங்கால், மீண்டும் சேர்வதற்குரிய விதிகளைப் பல்கலைக் கழகத்திற் கேட்டறிந்து கூறுவது சாலச் சிறந்த பணியாகும்.