என்ஜின் புகையும் வயிற்றுப் பிள்ளையும்



பண்ருட்டி வட்டாரத்தில் டீசல் என்ஜினை அறியாத குடும்பம் கிடையாது. பலா ஏற்ற வரும் லாரி, உழவு டிராக்டர், கொல்லையில் தண்ணீர் இறைக்கும் ஆயில் என்ஜின், கல்யாண வீட்டு ஜெனரேட்டர் எல்லாம் டீசலில் ஓடுபவைதான். 2011 டிசம்பர் 30-ந் தேதி தானே புயல் அடித்து, பலாவும் முந்திரியும் சாய்ந்து, கரண்ட் இல்லாமல் கிடந்த நாட்களில் தண்ணீர் ஏற்றித் தந்ததும் டீசல் ஜெனரேட்டர்தான். ஆகவே டீசலே கூடாது என்று சொல்ல வரவில்லை. அதன் புகை யார் மூக்கில் போகிறது என்று பார்க்க வேண்டும்.

டீசல் என்ஜினுக்குள் காற்றை இறுக்கி அமுக்கும்போது அது கடுஞ்சூடாகிறது. அதில் நாசில் வழியாக டீசலைத் தூறல் போலப் பீச்சினால் தானாகப் பற்றிக்கொள்ளும். தூறல் சொட்டாக விழுந்தாலோ, காற்று போதாவிட்டாலோ டீசல் அரைகுறையாக எரிந்து கரியாகிறது. அதுதான் கரும்புகை. அதிலுள்ள கரித்துகள் தலைமுடியின் பருமனில் எழுபதில் ஒரு பங்குகூட இராது. மூக்கில் தங்காமல் நுரையீரலின் அடிவரை போய்விடும்.

"காலங்காலமா இந்தப் புகையிலதான் இருக்கோம், என்னா ஆயிடுச்சு?" என்று கேட்பவர்கள் உண்டு. நெய்வேலியில் இருப்பது திறந்தவெளிச் சுரங்கம். மண் வெட்டும் ராட்சதச் சக்கர இயந்திரங்களும் மின்சாரத்தில் ஓடுகின்றன. அமெரிக்காவிலோ பூமிக்கு அடியில் டீசல் வண்டிகள் ஓடிய 8 சுரங்கங்களில் 12,315 தொழிலாளர்களை ஆராய்ந்தார்கள். புகையை மிக அதிகமாகச் சுவாசித்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோயால் சாகும் அபாயம் சுமார் 3 மடங்கு என்று 2012-ல் முடிவு வந்தது. அதே ஆண்டு உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பும் டீசல் புகை புற்றுநோய் உண்டாக்குவது என்று உறுதி செய்தது.

வயிற்றுப் பிள்ளைக்கு என்ன ஆகும்? சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தார் தமிழ்நாட்டின் கிராமத்திலும் நகரத்திலுமாக 1,285 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்து, 2018-ல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு கன மீட்டர் காற்றில் நுண்தூசி 10 மைக்ரோகிராம் கூடினால், பிறக்கும் குழந்தையின் எடை சராசரியாக 4 கிராம் குறைந்தது. இந்தத் தூசி டீசலில் மட்டும் வருவதல்ல, விறகடுப்புப் புகையும் சேர்ந்ததுதான். 4 கிராம் அற்பமாகத் தோன்றும். தூசி கூடக்கூட இந்தக் குறைவும் கூடும். இரண்டரைக் கிலோ விளிம்பில் பிறக்கிற பிள்ளைக்கு அதுவும் இழப்புதான்.

2020 ஏப்ரல் முதல் வந்த புது லாரிகளில் கரியைப் பிடிக்கும் வடிகட்டி உண்டு. நச்சு வாயுவை முறிக்க யூரியாக் கரைசலும் தெளிக்கப்படுகிறது. (அதற்காக உரமூட்டையைக் கரைத்து ஊற்றிவிடாதீர்கள், கருவி கெட்டுப்போகும்!) நம் பழைய ஆயில் என்ஜினில் இவை ஒன்றும் கிடையாது. அதற்கு நம் கைதான் காவல்.

"என்னங்க, என்ஜின் கரும்புகையா கக்குது, ஏர் பில்டரைக் கழட்டிப் பாருங்க" என்று மனைவி சொன்னால் அதில் விஷயம் இருக்கிறது. பில்டர் அடைத்தாலும், நாசில் கெட்டாலும், சக்திக்கு மீறி லோடு ஏற்றினாலும் கரும்புகைதான். டீசலும் வீணாகும். புகை நீலமாக வந்தால் என்ஜின் ஆயில் எரிகிறது என்று அர்த்தம், மெக்கானிக்கிடம் காட்டுங்கள். சைலன்சர் குழாயை வீட்டுப் பக்கம் திருப்பாமல், கொட்டாய்க் கூரைக்கு மேலே உயர்த்தி வையுங்கள். கர்ப்பிணியையோ கைக்குழந்தையையோ ஓடுகிற என்ஜின் அருகே உட்கார வைக்காதீர்கள்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறோம். மூடிய அறையிலோ தாழ்வாரத்திலோ ஜெனரேட்டர் ஓட்டாதீர்கள், கிணற்றுக்குள் என்ஜினை இறக்கி ஓட்டாதீர்கள். புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. இரத்தத்தில் பிராணவாயுவின் இடத்தை அது பிடித்துக்கொள்ளும். தாய் பிழைத்தாலும் கருவிலுள்ள சிசு பிழைக்காமல் போகலாம். தலைவலி, கிறுகிறுப்பு, வாந்தி வந்தால் உடனே வெளிக்காற்றுக்கு வந்துவிடுங்கள், 108-க்குப் போன் செய்யுங்கள். கிணற்றுக்குள் ஒருவர் மயங்கி விழுந்தால் பதறி அடுத்தவர் இறங்கக் கூடாது. தீயணைப்பு நிலையத்துக்கு ஆள் அனுப்புங்கள்.