எண் குதிக்கிறதா? நிக்ஸி டியூப்பைப் பழுது பார்ப்போம்

வீட்டில் கரண்ட் இருக்கிறதா என்று பார்க்கும் டெஸ்டரை எடுத்து உற்றுப் பாருங்கள். கைப்பிடிக்குள் சிறிய கண்ணாடிக் குமிழ் ஒன்று இருக்கும். பிளக் பாயிண்டில் வைத்து மேல்முனையை விரலால் தொட்டால் ஆரஞ்சு நிறத்தில் ஒளிரும். உள்ளே பல்பில் இருப்பது போன்ற இழை கிடையாது. சூடாவதும் இல்லை. நியான் வாயுதான் ஒளிர்கிறது. அந்தக் குமிழுக்குள் இருக்கும் கம்பியை 0, 1, 2 என்று எண் வடிவில் வளைத்து வைத்தால் என்ன ஆகும்? அதுதான் நிக்ஸி டியூப்.

1955-ல் அமெரிக்காவின் பர்ரோஸ் நிறுவனம் இதை விற்பனைக்குக் கொண்டு வந்தது. பின்னாளில், 1986-ல், ஸ்பெர்ரியுடன் இணைந்து யுனிசிஸ் ஆன அதே கம்ப்யூட்டர் நிறுவனம்தான். 1961-ல் இங்கிலாந்தில் வெளிவந்த அனிடா என்ற மேசைக் கால்குலேட்டரிலும் விடை இத்தகைய டியூப்களில்தான் தெரிந்தது. எழுபதுகளில் எல்இடி எண்கள் வந்ததும் நிக்ஸி விடைபெறத் தொடங்கியது. அரியலூரில் அரசு சிமெண்ட் ஆலை உற்பத்தியைத் தொடங்கிய 1979-க்குள் அதன் பொற்காலம் முடிந்துவிட்டது எனலாம்.

பெரம்பலூரிலோ அரியலூரிலோ பழைய லேப் கருவி ஒன்று இரும்புக் கடைக்கு வந்து, அதில் ஆரஞ்சு எண்கள் தெரியும் கண்ணாடிக் குழாய்கள் இருந்தால் எடைக்கு விட்டுவிடாதீர்கள். செக் குடியரசில் டாலிபோர் ஃபார்னி என்பவர் கையாலேயே புதிய நிக்ஸி டியூப்களைச் செய்து வருகிறார். மற்றபடி கிடைப்பவை பெரும்பாலும் பழைய இருப்புதான். "எண் சரியாக வரவில்லை, டியூப் போய்விட்டது" என்று தூக்கி எறியப்படும் கருவிகளில் பலவற்றில் டியூப் நன்றாகவே இருக்கும். சில ரூபாய் பெறுமானமுள்ள கெப்பாசிட்டர்தான் போயிருக்கும்.

முதலில் எச்சரிக்கை. கம்ப்யூட்டருக்குள் நீங்கள் பார்த்த 5 வோல்ட், 12 வோல்ட் அல்ல இது. நிக்ஸி எரிய சுமார் 170 வோல்ட் டிசி வேண்டும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டரில் அந்த வோல்டேஜ் தங்கியிருக்கும். மல்டிமீட்டரால் அளந்து, பூஜ்யத்துக்கு அருகில் வந்துவிட்டதை உறுதி செய்த பிறகே கை வைக்கவும். ஆன் செய்த நிலையில் அளக்க நேர்ந்தால் ஒரு கையைப் பாக்கெட்டில் போட்டுக்கொள்ளுங்கள். இரண்டு கைகளும் சர்க்யூட்டைத் தொட்டால் மின்சாரம் நெஞ்சு வழியாகப் பாயும். வீட்டில் சிறு பிள்ளைகள் இருந்தால் மூடி திறந்த கருவியை விட்டுவிட்டு எழுந்து போகவே கூடாது.

டியூப்பா, சர்க்யூட்டா?

கம்ப்யூட்டரில் படம் வரவில்லை என்றால் வேறு மானிட்டரை மாட்டிப் பார்ப்போம் அல்லவா? அதே வழிதான் இங்கும். பவரை நிறுத்தி, கெப்பாசிட்டர் காலியானதும் கோளாறு காட்டும் டியூப்பையும் பக்கத்து டியூப்பையும் இடம் மாற்றி மாட்டுங்கள். கோளாறும் கூடவே நகர்ந்தால் டியூப்பில் குறை. பழைய இடத்திலேயே நின்றால் சர்க்யூட்டில் குறை. ரஷ்யாவில் செய்யப்பட்ட ஐஎன்-12 போன்ற ஊசிக்கால் டியூப்கள் சாக்கெட்டில் மாட்டப்படுவதால் இது எளிது. ஐஎன்-14 போன்றவற்றின் கம்பிகள் சால்டர் செய்யப்பட்டிருக்கும். அவற்றில் மற்றச் சோதனைகளை முடித்துவிட்டு, கடைசியாகக் கழற்றுங்கள். (ஐஎன்-12-ல் 5 என்ற எண் தலைகீழ் 2 போல இருந்தால் பயப்பட வேண்டாம். அதன் அமைப்பே அப்படித்தான்.)

மாலையில் பம்புசெட்டுகள் ஓடும் நேரத்தில் மட்டும் எண்கள் அணைந்து அணைந்து வருகின்றனவா? பழைய கருவிகள் பலவற்றில் உயர் வோல்டேஜுக்கு ரெகுலேட்டர் கிடையாது. 230 வோல்ட் வரும்போது உள்ளே 180 வோல்ட் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வீட்டுக்கு வருவது 190 ஆக இறங்கினால் உள்ளே கிடைப்பது சுமார் 149 மட்டுமே. நிக்ஸி பற்றிக்கொள்ள 170 வேண்டும், பற்றிய பிறகு தொடர்ந்து எரிய 140 போதும். அதனால்தான் ஏற்கெனவே எரியும் டியூப் எரிந்துகொண்டே இருக்கும், அணைந்த டியூப் மறுபடி வராது. வோல்டேஜ் சரியாக இருக்கும்போதும் இப்படியே நடந்தால் பில்டர் கெப்பாசிட்டரைச் சந்தேகிக்கவும். பல பத்தாண்டு வயதான எலக்ட்ரோலிடிக் கெப்பாசிட்டர் காய்ந்து போயிருப்பது இயல்பு.

எண்ணின் ஒரு பகுதி மட்டும் ஒளிர்ந்தால் கரண்ட் போதவில்லை என்று பொருள். ஆனோடுக்குச் செல்லும் ரெசிஸ்டரைப் பாருங்கள். 180 வோல்ட் சப்ளையில் டியூப் 140-ஐ வைத்துக்கொண்டால் ரெசிஸ்டரின் பங்கு 40 வோல்ட். அது 22 கிலோ ஓம் என்றால் சுமார் 1.8 மில்லி ஆம்பியர் பாயும். வயதான ரெசிஸ்டர் 40 கிலோ ஓம் ஆகிவிட்டால் 1 மில்லி ஆம்பியர்தான். 8 என்ற எண்ணின் ஒரு வளைவு இருட்டாக நிற்கும்.

ரெசிஸ்டர் சரியாக இருந்தும் ஒரு குறிப்பிட்ட எண் மட்டும் அரைகுறையாக வந்தால், அது கேத்தோடில் படலம் படிந்த கோளாறு. டியூப்பில் பத்து எண்களும் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கின்றன. ஒரே எண் நாள் கணக்கில் எரிந்தால் அதிலிருந்து உதிரும் உலோகத் துகள்கள் எரியாத எண்களின் மேல் படியும். கடிகாரத்தில் மணி காட்டும் இடது ஓர டியூப்பை நினைத்துப் பாருங்கள். அது 0, 1, 2 தவிர வேறெதையும் காட்டுவதில்லை. இதற்கு மருந்து உண்டு. கெட்ட எண்ணை மட்டும் வழக்கத்தைவிட அதிக கரண்டில், இரண்டு மடங்கைத் தாண்டாமல், சில மணி நேரம் எரியவிட்டால் படலம் மெல்ல உதிரும். பக்கத்தில் இருந்து கவனிக்கவும். எண்ணுக்கு வெளியே உள்ள கம்பிகளும் ஒளிரத் தொடங்கினால் உடனே நிறுத்துங்கள். புதிய நிக்ஸி கடிகாரங்களில் சில நிமிடங்களுக்கு ஒரு முறை எல்லா எண்களும் கடகடவென்று ஓடுவது வேடிக்கைக்காக அல்ல, இந்தப் படலத்தைத் தடுக்கத்தான்.

தவறான எண் வருகிறதா?

கம்ப்யூட்டர் கற்பவர்களுக்கு மிகவும் பிடிக்கும் பகுதி இது. டியூப்புக்குப் பின்னால் பெரும்பாலும் 74141 என்ற ஐசி இருக்கும். ரஷ்யக் கருவிகளில் இதற்கு இணையாக கே155ஐடி1. நான்கு கம்பிகளில் வரும் பைனரி எண்ணைப் படித்து பத்தில் ஒரு கேத்தோடை இயக்குவது இதன் வேலை. நான்கு கம்பிகளின் மதிப்பு 1, 2, 4, 8. இதில் மதிப்பு 1 உள்ள கம்பி பூஜ்யத்திலேயே நின்றுவிட்டால் ஒற்றைப்படை எண்களே வராது. 0, 0, 2, 2, 4, 4 என்று ஓடும். மதிப்பு 4 உள்ள கம்பி நின்றுவிட்டால் 0, 1, 2, 3, மறுபடி 0, 1, 2, 3, பிறகு 8, 9. எனவே டியூப்பைத் தொடாமலேயே, எண்ணும் வரிசையைத் தாளில் எழுதிப் பார்த்தால் எந்தக் கம்பி என்று சொல்லிவிடலாம்.

இரண்டு எண்கள் ஒரே சமயத்தில் ஒளிர்ந்தால் ஐசியில் கசிவு இருக்கலாம். ஆனால் ஐசியை மாற்றும் முன் போர்டைச் சுத்தம் செய்யுங்கள். சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓடும் ஊரில் தூசுக்குப் பஞ்சமில்லை. ஐப்பசி மழையின் ஈரம் அதில் சேர்ந்தால், 170 வோல்ட் அந்தத் தூசு வழியாகவே பக்கத்துக் கேத்தோடுக்குப் போய்விடும். ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலும் பழைய டூத் பிரஷ்ஷும் போதும். நன்றாகக் காய்ந்த பிறகே ஆன் செய்யவும்.

இருட்டறையில் பற்ற மறுத்து, விளக்கைப் போட்டதும் சட்டென்று எரிகிறதா? பேய் பிசாசு அல்ல. நியான் பற்றிக்கொள்ள முதலில் சில எலக்ட்ரான்கள் வேண்டும். வெளிச்சம் கேத்தோடில் படும்போது அவை கிடைக்கின்றன. சப்ளை வோல்டேஜ் விளிம்பில் இருக்கும்போதுதான் இது பெரிதாகத் தெரியும். அதைச் சரி செய்தால் பெரும்பாலும் போய்விடும்.

எண்ணைச் சுற்றி இலேசான நீல நிறம் தெரிந்தால் கவலை வேண்டாம். ஆயுளை நீட்டிக்கச் சிறிதளவு பாதரசம் சேர்த்திருப்பார்கள், அதன் நிறம் அது. ஆரஞ்சு போய் வெளிறிய ஊதா நிறமாகிவிட்டால், அல்லது சரியான வோல்டேஜ் கொடுத்தும் எதுவுமே ஒளிராவிட்டால் உள்ளே காற்று புகுந்துவிட்டது. அந்த டியூப்புக்கு வைத்தியம் இல்லை.

கழற்றும்போது கண்ணாடியின் கூரான முனையில் விரல் அழுத்தம் படாமல் பார்த்துக்கொள்ளவும். வாயுவை அடைத்து மூடிய இடம் அதுதான். கைதவறி உடைந்தால் பாதரசத்தை நினைவில் வைத்து ஜன்னல்களைத் திறந்துவிட்டு, வெறும் கையால் தொடாமல், தடித்த காகிதத்தால் வழித்து மூடியுள்ள டப்பாவில் போடவும். துடைப்பமும் வாக்குவம் கிளீனரும் வேண்டாம்.