பள்ளிக்குப் போகாதவர்கள் தேடும் கல்லூரி

பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே கற்பிக்கும் ஹோம்ஸ்கூலிங் முறை, அமெரிக்காவின் ஐம்பது மாநிலங்களிலும் 1990-களின் தொடக்கத்திலேயே சட்டத்தின் ஏற்பைப் பெற்றுவிட்டது. அம்முறையைப் பின்பற்றுவோரில் ஒரு பிரிவினர் பாடத்திட்டம், கால அட்டவணை, தேர்வு மூன்றையும் கைவிட்டு, பிள்ளையின் ஆர்வம் எங்கே போகிறதோ அங்கே கல்வியும் போகட்டும் என்று விட்டுவிடுகின்றனர். அன்ஸ்கூலிங் எனப்படும் இவ்வழிக்குப் பெயரும் வாதங்களும் தந்தவர் ஜான் ஹோல்ட். பள்ளி ஆசிரியராக இருந்து, வகுப்பறையில் குழந்தைகள் எவ்வாறு தோற்கிறார்கள் என்பதை 1964-இல் நூலாக எழுதிய அவர், பள்ளிகளைச் சீர்திருத்திவிடலாம் என்ற நம்பிக்கையைப் பிற்காலத்தில் இழந்தார்.

இப்படி வளர்ந்தவரைக் கல்லூரி சேர்த்துக்கொள்ளுமா என்பது பலருக்கும் முதலில் எழும் ஐயம். அந்நாட்டில் அது இன்று பெரிய தடையன்று. பெற்றோரே தயாரிக்கும் பாட விவரப் பட்டியல், படித்த நூல்களின் வரிசை, செய்த வேலைகளின் தொகுப்பு, அருகிலுள்ள சமுதாயக் கல்லூரியில் முன்கூட்டியே முடித்த ஓரிரு பாடங்கள் ஆகியவற்றைக் கொண்டு பெரிய பல்கலைக்கழகங்களே அவர்களைப் பரிசீலிக்கின்றன. சிக்கல் சேர்ந்த பிறகுதான் வருகிறது. எந்த மணியோசைக்கும் மதிப்பெண்ணுக்கும் தப்பி வளர்ந்தார்களோ அவையே அங்கும் காத்திருக்கின்றன. ஆகவேதான் மாற்றுக் கல்லூரிகள் எனப்படும் சில சிறிய நிறுவனங்கள் அவர்களை ஈர்க்கின்றன. இவற்றுள் பெரும்பாலானவை அவர்களுக்காகத் தோன்றியவையல்ல. கிறித்தவக் குடும்பங்களின் ஹோம்ஸ்கூல் மாணவர்களைக் கருதி 2000-இல் வெர்ஜீனியாவில் திறக்கப்பட்ட பேட்ரிக் ஹென்றி கல்லூரியோ, கற்பிக்கும் முறையில் மரபானதுதான்.

அனாபொலிஸ், சான்டா ஃபே ஆகிய ஈரிடங்களில் இயங்கும் செயின்ட் ஜான்ஸ் கல்லூரி 1937-இல் துறைப் பிரிவுகளையும் பாடநூல்களையும் விட்டொழித்து, ஹோமர், பிளேட்டோ, யூக்ளிட் தொடங்கி ஐன்ஸ்டைன் வரை மூலநூல்களையே அனைவரும் படித்து விவாதிக்கும் முறைக்கு மாறியது. பருவத்தின் முடிவில் ஆசிரியர்கள் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து, எதிரில் மாணவர் இருக்கும்போதே, அவர் அங்கு இல்லாததுபோல் 'அவர்' என்று படர்க்கையில் குறிப்பிட்டு, அவருடைய படிப்பின் நிறைகுறைகளைத் தமக்குள் பேசிக்கொள்வர். அதன் பின்னரே மாணவர் வாய் திறக்கலாம். மதிப்பெண் பதிவாகிறது என்றாலும் மாணவர் கேட்டாலன்றிக் காட்டப்படுவதில்லை. 1970-இல் மாசசூசெட்ஸில் வகுப்புகளைத் தொடங்கிய ஹாம்ப்ஷையர் கல்லூரி மதிப்பெண்ணையே விலக்கி, ஒவ்வொரு பாடத்துக்கும் ஆசிரியர் எழுத்தில் தரும் விரிவான மதிப்பீட்டை அதன் இடத்தில் வைத்தது.

இவையனைத்திலும் வேறுபட்டது, கலிபோர்னியாவின் கிழக்கெல்லையில், பாலை சூழ்ந்த பள்ளத்தாக்கில் இருக்கும் டீப் ஸ்பிரிங்ஸ். கொலராடோவின் சுரங்கப் பகுதியில் மாறுதிசை மின்சார நிலையம் அமைத்துப் பொருளீட்டிய எல். எல். நன், தம் மின்நிலையப் பணியாளர்களுக்கு வேலையோடு கல்வியையும் இணைத்துத் தந்து பார்த்த அனுபவத்தின்மேல் 1917-இல் இதை நிறுவினார். மாணவர் எண்ணிக்கை முப்பதைத் தாண்டுவதில்லை, படிப்பு ஈராண்டு, கல்விக் கட்டணமும் இல்லை, உணவு உறையுளுக்கும் பணம் இல்லை. ஆனால் கல்லூரியோடு சேர்ந்த மாட்டுப் பண்ணையிலும் குதிரைமசால் வயலிலும் சமையற்கட்டிலும் ஒவ்வொருவரும் வாரத்துக்கு 20 மணி நேரமாவது உழைத்தாக வேண்டும். பால் கறக்கும் முறை வந்தவர் தூங்கிவிட்டால் மாடு மடி கனத்து நிற்கும். புதிய மாணவர்களையும் ஆசிரியர்களையும் தெரிவு செய்யும் குழுக்களில் மாணவர்களே அமர்கின்றனர். பாடக்காலத்தில் பள்ளத்தாக்கைவிட்டு வெளியேறுவதில்லை, மது அருந்துவதில்லை என்ற கட்டுப்பாடுகளைக் காப்பதும் அவர்கள் பொறுப்பே. நிறுவனர் ஆவணம் இளைஞர்களை மட்டுமே குறிப்பிட்டதால், நீண்ட வழக்குக்குப் பின் 2018-இல்தான் பெண்கள் அங்கே சேர முடிந்தது.

ஆக, கண்டிப்பு குறைந்த இடம் என்று எண்ணி இக்கல்லூரிகளை நாடுபவர் ஏமாந்துதான் போவார். இங்கே கண்டிப்பு குறையவில்லை, அதைச் செலுத்தும் கைதான் மாறியிருக்கிறது. தன் நேரத்தைத் தானே ஆளப் பழகிய ஹோம்ஸ்கூல் மாணவருக்குப் படிப்பின் சுமை புதிதாக இராது; விலகிப் போக வழியில்லாத சிறு குழுவினருக்கு நாள்தோறும் பதில் சொல்ல வேண்டியிருப்பதே புதிது, அதுவே இக்கல்லூரிகள் அவருக்குக் கற்பிக்கக்கூடிய முதன்மையான பாடமும் ஆகும்.

இவற்றின் பலவீனம் பணம். டீப் ஸ்பிரிங்ஸைப் போலன்றி, மற்றவை பெரும்பாலும் மாணவர் கட்டணத்தை நம்பியிருப்பதால் சேர்க்கை சற்றுக் குறைந்தாலே தள்ளாடுகின்றன. வெர்மான்ட் மாநிலத்தில் 1938 முதல் இயங்கிய காடர்ட் கல்லூரி 2024-இல் மூடப்பட்டது. ஹாம்ப்ஷையரும் 2019-இல் கடும் நிதி நெருக்கடிக்குள்ளானது. பாடமுறையின் அழகில் மயங்குமுன் நிறுவனத்தின் நிதிநிலையையும், அங்கே பெற்ற பாட மதிப்பைப் பிற பல்கலைக்கழகங்கள் ஏற்குமா என்பதையும் பெற்றோர் விசாரித்தே ஆக வேண்டும்.

இந்தியாவில் நிலைமை வேறு. உதய்ப்பூரில் 2010-இல் தொடங்கிய ஸ்வராஜ் பல்கலைக்கழகத்தில் மாணவர் தம் கற்றலைத் தாமே வகுத்துக்கொள்ளலாம் என்றாலும் அங்கே பட்டம் தருவதில்லை. பட்டம் தரும் கல்லூரிகளோ பன்னிரண்டாம் வகுப்பு அல்லது அதற்கு இணையான சான்றிதழ் இன்றிப் பொதுவாக எவரையும் சேர்ப்பதில்லை. எனவே பிள்ளையை வீட்டில் படிக்க வைக்கும் பெற்றோர், தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் தேர்வுகளைத் தனித் தேர்வராக எழுத வைப்பதற்கான ஏற்பாட்டைப் பதினான்கு, பதினைந்து வயதிலேயே தொடங்கிவிடுவது நல்லது.