வானிலைக் குறிமொழியும் அதன் பொருள்கோளும்

வானூர்தி நிலையங்கள் வெளியிடும் 'மெட்டார்' என்னும் வானிலை அறிக்கை நூற்பாவினும் சுருங்கிய நடையுடையது. 'டிரோன்' எனப்படும் ஆளில்லா வானூர்தியைச் செலுத்துவோரும் இன்று அதனை ஓதியுணர வேண்டியவராயினர். அதன் சொல்லமைதியையும் பொருள்கோளையும் ஈண்டு ஆராய்வோம்.

'வி-ஓ-சி-பி 140230-இசட் 27010-கே-டி 4000 பி-ஆர் பி-கே-என்-012' என ஓர் அறிக்கை வருவதாகக் கொள்வோம். முதல் நான்கெழுத்தும் கோவை நிலையத்தின் குறி. அடுத்தது 14ஆம் நாள், உலகப் பொதுநேரம் 2.30, இந்திய நேரம் காலை 8 மணி. 27010 என்பதன்கண் முதல் மூன்று இலக்கம் திசைப்பாகை. எஞ்சிய இரண்டும் 'நாட்' அளவிலான விரைவு. காற்றுச் செல்லும் திசையன்று, வரும் திசையே கூறப்படும். புதியோர்க்கு மயக்கந் தரும் இம்முறை தமிழுக்குப் புதிதன்று. வடக்கினின்று வருவதை வாடையென்றும், தெற்கினின்று வருவதைத் தென்றலென்றும் வழங்கினர் நம் முன்னோர். 270 பாகை மேற்காகலின், ஈண்டு வீசுவது கோடை.

4000 என்பது பார்வை எட்டும் தொலைவு, மீட்டரில். 'பி-ஆர்' என்பதனை ஆங்கிலச் சுருக்கமெனக் கொண்டு விரிக்கப் புகுவார் இடர்ப்படுவர். அது மென்பனியைக் குறிக்கும் 'புரூம்' என்னும் பிரெஞ்சுச் சொல்லின் சிதைவு. புகைக்குரிய 'எப்-யு', ஆலங்கட்டிக்குரிய 'ஜி-ஆர்' ஆகியனவும் அம்மொழியினவே. பார்வைத் தொலைவு 1000 மீட்டரிற் குறைந்த மூடுபனிக்குரிய 'எப்-ஜி' மட்டும் ஆங்கிலம். இக்கலப்பை உணராது குறிகளை நெட்டுருச் செய்தல் வீண் உழைப்பென்பது எம் கருத்து.

'பி-கே-என்' என்பது வானத்தை எட்டுக் கூறாக்கி, ஐந்து முதல் ஏழு கூறுவரை முகில் மூடியதைக் குறிக்கும். 012 என்பது நூறடிக் கணக்கு. எனவே 1200 அடி. எங்கிருந்து 1200 அடி? அறிக்கை வாய் திறவாது. நிலையத்தின் தரைமட்டத்திலிருந்து என்பது மரபு. நிலையத்தினும் 1000 அடி உயர்ந்த தொலைக்குன்றொன்றில் நிற்பானுக்கு அம்முகில் 200 அடியிலேயே கவியக்கூடும். இந்தியாவின் 2021ஆம் ஆண்டு டிரோன் விதிகள் பச்சை மண்டலத்தில் 400 அடிவரை இசைவளிக்கின்றன. அவ்விசைவை மட்டும் நம்பி உயர்த்துவானது ஊர்தி முகிலுள் மறையும்.

கூறாமையும் இங்குப் பொருள்படும். சராசரி விரைவினும் 10 நாட் மிக்காலன்றி வன்வீச்சு பன்னாட்டு முறைப்படி குறிக்கப்படுவதில்லை. ஆதலின் அக்குறி இன்மையை வீச்சின்மை எனக் கொள்ளற்க. பேரூர்தி பொருட்படுத்தாத 9 நாட் மிகை, ஒரு கிலோ எடையும் இல்லாச் சிற்றூர்தியைத் தடுமாறச் செய்ய வல்லது.