படத்துக்கு ஏற்ற தாள் எது?

வீட்டு அச்சுப்பொறியில் நிழற்படம் அச்சிட விரும்பிக் கடைக்குச் சென்று "போட்டோ பேப்பர்" என்று கேட்டால், கடைக்காரர் நான்கைந்து வகைகளை எடுத்துப் போடுவார். எதை வாங்குவது? பளபளப்பை மட்டும் பார்த்து வாங்கி நான் பட்ட பாட்டை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஆச்சிக்கு இருந்தது ஒரே ஒரு கறுப்பு வெள்ளைப் படம். சில ஆண்டுகளுக்கு முன் அதை நகலெடுத்துப் பெரிதாக்கி, பளபளப்புத் தாளில் அச்சிட்டு, அன்றைக்கே கண்ணாடிச் சட்டத்தில் மாட்டினேன். ஐப்பசி மழை ஓய்ந்தபின் பார்த்தால், படம் கண்ணாடியோடு ஒட்டியிருந்தது. பிரித்தபோது ஆச்சியின் கன்னம் கண்ணாடியோடு வந்துவிட்டது! பழைய படமோ பெட்டிக்குள் தெளிவாகவே இருந்தது. காரணம் என்ன?

பழைய படத்தில் மையே கிடையாது. ஜெலட்டின் படலத்துக்குள் புதைந்த வெள்ளித் துகள்களே அதன் கறுப்பு. அத்தகைய தாளையும் பிலிமையும் நம் நாட்டிலேயே செய்வதற்காக உதகமண்டலத்தில் 1960இல் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்னும் அரசு நிறுவனம் நிறுவப்பெற்று, 1967இல் உற்பத்தி தொடங்கியது. 'இந்து' என்ற அதன் பெயரை உங்கள் ஊர்ப் பழைய ஸ்டூடியோக்காரரிடம் கேட்டுப் பாருங்கள். அந்த ஆலை இன்று இயங்கவில்லை.

இங்க்ஜெட் பொறி செய்வது வேறு வேலை. அது மையை மிக நுண்ணிய துளிகளாகப் பீச்சுகிறது. 4 பிக்கோ லிட்டர் கொண்ட ஒரு துளியின் விட்டம் சுமார் 20 மைக்ரான். தலைமுடியின் தடிப்பைவிடக் குறைவு. சாதாரணத் தாளின் நார்களிடையே உள்ள இடுக்குகள் நுண்புழைகள் போன்றவை. விளக்குத் திரி எண்ணெயை உறிஞ்சுவதுபோல் அவை துளியை உறிஞ்சிப் பக்கவாட்டில் பரப்பிவிடும். படம் மங்குவது இதனால்தான். ஆகவே நிழற்படத் தாளின்மேல் ஒரு பூச்சு இடுகிறார்கள்.

பூச்சில் இருவகை உண்டு. ஒன்று, ஜெலட்டின் போன்ற பொருளாலானது. மையின் நீரைக் குடித்து வீங்கி, சாயத்தை உள்ளே மூடிக்கொள்ளும். ஆனால் உலர நேரமாகும். ஈரக்காற்றில் மீண்டும் பிசுபிசுக்கும். நான் வாங்கியது இதுதான். தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளும் பெய்யும் நம் கன்னியாகுமரி மாவட்டத்தில், அதிலும் குளச்சல் போன்ற கடற்கரை ஊர்களில், இது ஒத்துவராது.

மற்றது நுண்துளைப் பூச்சு. சிலிக்கா அல்லது அலுமினாத் துகள்களின் இடைவெளிகள் மையை நேர்கீழாக இழுத்துக்கொள்வதால் தொட்டால் ஒட்டாது. 'இன்ஸ்டன்ட் டிரை' என்று உறையில் இருந்தால் பெரும்பாலும் இந்த வகையே. இதற்கும் ஒரு குறை உண்டு: திறந்த துளைகள் வழியே காற்றிலுள்ள ஓசோன் புகுந்து சாய மையை வெளுக்கச் செய்யும். நிறமித் துகள் கொண்ட மை அவ்வளவு எளிதில் வெளுக்காது. உங்கள் பொறியில் இருப்பது எந்த மை என்பதைக் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

உறைமேல் 'ஜி.எஸ்.எம்.' என்றிருப்பது ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில். ஏ4 தாள் சதுர மீட்டரில் பதினாறில் ஒரு பங்கு; எனவே 80 ஜி.எஸ்.எம். தாள் 5 கிராமும், 240 ஜி.எஸ்.எம். தாள் 15 கிராமும் இருக்கும். எடை கூடினால் தாள் விறைப்பாக இருக்கும், அவ்வளவுதான். எடையைச் சொல்லி விலையைக் கூட்டினால் ஏமாறாதீர்கள்.

பளபளப்புத் தாள் ஒளியை ஒரே திசையில் திருப்புவதால் கறுப்பு ஆழமாகத் தெரியும். சன்னலுக்கு எதிரே மாட்டினால் சன்னல்தான் தெரியும். அங்கே மேட் தாளே நல்லது.

ஓர் எச்சரிக்கை: இங்க்ஜெட் பளபளப்புத் தாளை லேசர் பொறியில் இடவே கூடாது. அதன் சூட்டு உருளையில் பூச்சு உருகி ஒட்டிக்கொள்ளும்.

பூச்சு எந்தப் பக்கம் என்று தெரியாவிட்டால், ஈர விரலால் மூலையைத் தொடுங்கள். சற்றே ஒட்டும் பக்கம்தான் அச்சுக்குரியது.

ஆச்சியின் படத்தை நுண்துளைத் தாளில் மறுபடி அச்சிட்டு, ஒரு நாள் முழுதும் நிழலில் உலரவிட்டேன். படத்துக்கும் கண்ணாடிக்கும் இடையே சுற்றிலும் ஓர் அட்டை விளிம்பு வைத்து மாட்டியிருக்கிறேன். கண்ணாடி காற்றைத் தடுக்கிறது, படத்தைத் தொடுவதில்லை. இரண்டு மழைக்காலம் கடந்துவிட்டது, படம் ஒட்டவில்லை.